சிறுகுடலின் தங்கக் கதவு

இதனால் மனிதகுலத்தின் சிறுகுடல்கள் அனைத்துக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆதிகாலம் தொட்டுத் தாங்கள் காட்டிவந்த சோம்பேறித்தனம் இன்றோடு முடிவுக்கு வருகிறது. வாய்வழி வரும் மருந்தில் கொஞ்சம்போல் உறிஞ்சிக்கொண்டு மீதியைப் பாராமுகமாகக் கீழே அனுப்பிவைக்கும் வழக்கம் இனிச் செல்லாது. பாண்டுங் மாநகரில் 'தங்கக் கதவு' என்னும் கேப்சூல் உதித்துவிட்டது. அது தங்கள் சுவரைத் தட்டி அனுமதி கேட்காது. திறந்துகொண்டு உள்ளே வரும். இனி மருத்துவ வரலாறு கதவுக்கு முன், கதவுக்குப் பின் என இரண்டாகவே எழுதப்படும்.

இந்த அறிவிப்பை ஆளுயரப் பலகையில் எழுதி, மருந்து ஆய்வு நிலையத்தின் வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள். அடியில் அறிவித்தவரின் பெயர். பேராசிரியர் டாக்டர் இன்ஜினியர் ஹாஜி ராடென் பிரவிரா என்று ஆரம்பித்து, பட்டங்கள் பலகையின் ஓரம்வரை போய், இடம் போதாமல் அடுத்த வரிக்கு மடங்கியிருந்தன.

எந்தின் அதை ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"என் குடலுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன் பாக். பதிலே சொல்ல மாட்டேங்குது. காலைல டீகூடக் குடுக்காம இழுத்துட்டு வந்துட்டீங்கல்ல, கோவமா இருக்கு."

"இருக்கட்டும். கோவத்தோட வேலை செஞ்சாதான் நல்லா வேலை செய்யும்" என்றார் விகார்த்தா.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் போலி மாத்திரை பிடித்தே தலை நரைத்து, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கப் பிடிக்காமல் தனியாகத் துப்பறிய வந்தவர் விகார்த்தா. அவரை மரியாதையாக 'பாக்' என்று அழைக்கும் எந்தின் அவருடைய உதவியாள். மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அவள் வேலை. அவர் சொல்ல நினைத்து மரியாதைக்காக விழுங்கிவிடும் வார்த்தைகளை வெளியே சொல்வதும் அவள் வேலைதான். சம்பளம் என்னவோ முதல் வேலைக்கு மட்டும்.

பலகைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே மஞ்சள் பட்டு விரித்து, அதன்மேல் விரல்நீளக் குழாய் ஒன்றை நிறுத்தி, மேலே தனி விளக்குப் போட்டிருந்தார்கள். குழாயில் அரிசி களைந்த தண்ணீர்போல வெள்ளையாக ஏதோ கலங்கி நின்றது. 'தங்கக் கதவு வழியே மனித ரத்தத்துள் நுழைந்த மருந்து. கண்ணால் காணும் வடிவில், உலகில் முதன்முறையாக' என்றது அடியிலிருந்த தகடு.

"கும்பிடணுமா, இல்ல பார்த்துட்டு மட்டும் போகலாமா?" என்று எந்தின் கேட்டாள்.

விகார்த்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குழாயைத் தேவைக்கு மேலேயே பார்த்தார்.

*

"நாசவேலை" என்றார் புரொபசர் பிரவிரா. தனியறையில் மூன்று பேரிடம் பேசும்போதும் ஒலிபெருக்கியைத் தேடுவதுபோலக் கழுத்தை நீட்டுகிறவர் அவர். "அறிவியலின் முதுகில் குத்தப்பட்ட கத்தி!"

"குத்தினது யாருன்னு தெரிஞ்சுதானே எங்களைக் கூப்பிட்டீங்க?" என்று விகார்த்தா கேட்டார்.

"தெரியும். கேப்சூல் அறைச் சாவி எங்க மருந்தாளுநர் இமாஸ்கிட்ட மட்டும்தான். அந்த அறையிலேயே உட்கார வெச்சிருக்கேன். சாயந்திரம் அஸர் தொழுகை முடிஞ்சதும் போலீஸ் வருது. மருந்தாளுநர் உரிமத்தைப் பறிக்கச் சொல்லிப் பேசியாச்சு. உங்க வேலை ஒண்ணே ஒண்ணுதான், பாக் விகார்த்தா. அசல் கேப்சூலை அவ யாருக்கு வித்தான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

"கதையை முதல்ல இருந்து சொல்லுங்க, ப்ரொஃப்."

சொன்னார். முன்னுரையைக் கழித்துவிட்டால் விஷயம் இவ்வளவுதான். கிழக்குத் தீவுகளில் மலேரியாவுக்குக் கொடுக்கும் பழைய மருந்து ஒன்று உண்டு. நல்ல மருந்து. ஆனால் உடம்பில் ஒட்டாது. விழுங்கியதில் பத்தில் ஒன்பது பங்கு மறுநாள் காலை விழுங்கியவரிடமிருந்து அப்படியே விடைபெற்றுக்கொள்ளும். அதனால் காய்ச்சலில் கிடப்பவன் கை நிறைய கேப்சூலை அள்ளி விழுங்க வேண்டியிருக்கிறது. அந்த மருந்தைக் குடல் சுவருக்குள் தள்ளிவிட ஒரு சேர்மானம் கண்டுபிடித்ததாகப் புரொபசர் அறிவித்திருந்தார். பழைய மருந்தும் அந்தச் சேர்மானமும் பொன்னிற உறைக்குள் போனால் அது தங்கக் கதவு.

"மூணு சோதனை நடந்தது. மூணுலயும் அதே தன்னார்வலர்கள். முதல் சோதனையில பழைய வெள்ளைக் கேப்சூல். நோன்பு மாசம்."

"நோன்பு மாசமா?"

"காலி வயித்துல குடுக்கணும்கிறது விதி. நாடே வயித்தைக் காலியா வெச்சிருக்கிற மாசம் அது! நோன்பு திறக்கற நேரத்துல கேப்சூல், ஒரு டம்ளர் தண்ணி. ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் சோறு. ரத்தத்துல மருந்து ஏதோ துளியூண்டு ஏறிச்சு. எதிர்பார்த்ததுதான். ரெண்டாவது சோதனை, பெருநாள் முடிஞ்ச பிறகு. ராத்திரி மாடியில பூட்டி வெச்சுக் காலைல வெறும் வயித்துல தங்கக் கதவு. எட்டு மடங்கு, பாக்! எட்டு மடங்கு! மூணாவது, போன வாரம். அமைச்சகத்துக்காரங்க, சிங்கப்பூர் முதலீட்டாளருங்க எல்லாரும் வரிசையா நாற்காலியில. அதே பூட்டு, அதே தங்கக் கதவு, என் கையால நானே எடுத்துக் குடுத்தேன். கிடைச்ச அளவு..." அந்த இடத்தில் குரல் ஒலிபெருக்கியை இழந்தது. "பழைய வெள்ளைக் கேப்சூல் அளவு."

"பூஜ்யம் இல்லையே?"

"இல்லை. அச்சு அசலாப் பழைய அளவு. அப்போ என்ன அர்த்தம்? உறையைத் திறந்து, என் சரக்கைக் கொட்டிட்டுப் பழைய சரக்கை நிரப்பியிருக்கா."

"மரியாதை தெரிஞ்ச திருடி. எடுத்த இடத்துல வேற மருந்தை வெச்சுட்டுப் போயிருக்காங்க. எங்க தெருவுல செருப்பைத் திருடறவன்கூட இவ்வளவு பண்றதில்லை" என்றாள் எந்தின்.

புரொபசர் அவளைச் சுவரில் ஊறும் பல்லியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

*

கேப்சூல் அறைக்குள் இமாஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது. அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள்.

"அஸர் வரைக்கும்தான் எனக்கு நேரம்னு சொன்னாங்க" என்றாள். "உரிமம் போனா நான் ஒரு மூலைக் கடையில தலைவலி மாத்திரைகூட எடுத்துக் குடுக்க முடியாது, பாக். வேற தொழில் எனக்குத் தெரியாது."

"அஸருக்கு இன்னும் நேரம் இருக்கு, நெங்" என்றார் விகார்த்தா, தங்கையை அழைக்கும் குரலில். "ஒரே ஒரு கேள்வி. ரெண்டாவது சோதனையன்னிக்குக் காலைல ஆளுங்க எப்படி இருந்தாங்க?"

"எப்படின்னா?"

"மனநிலை."

இமாஸ் யோசித்தாள். "நல்லா இருந்தாங்க. ஊசி குத்தறப்போகூடப் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தாங்க. டெடென்னு ஒருத்தர், பைக்ல சவாரி ஏத்திக்கிட்டு ஒஜெக் ஓட்டறவர், என் ரத்தத்துக்கு சில்லறை குடுப்பீங்களான்னு கேலி பண்ணினார்."

"மூணாவது சோதனையப்போ?"

"ஐயோ, அதைக் கேக்காதீங்க. ஒருத்தர் தலை சுத்துதுன்னு சுவத்துல சாஞ்சுட்டார். இன்னொருத்தர் விருந்தாளிங்களோட பிஸ்கட் தட்டைவிட்டுக் கண்ணையே எடுக்கலை. அந்த டெடென் இருக்காரே, 'ரத்தம் மட்டும் எடுத்துக்குவீங்க, சோறு போட மாட்டீங்களா'ன்னு சிங்கப்பூர்க்காரங்க முன்னாடியே கத்திட்டார்."

விகார்த்தா எந்தினைப் பார்த்தார். "ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த ஆம்பளைங்க காலைல எழுந்து பாட்டுப் பாடறாங்க."

"எங்க வீட்ல அப்பா பட்டினி கிடந்தா பாத்திரம்தான் பாடும்."

விகார்த்தா இமாஸிடம் திரும்பினார். "அந்தக் கண்ணாடிப் பெட்டிக் குழாய்?"

"அது ரெண்டாவது சோதனையில வந்தது, பாக். ரத்தத்தை சுத்தவிட்டா செவப்பெல்லாம் அடியில படிஞ்சு, மேல தெளிஞ்ச நீர் நிக்கும். இளம் டீத்தண்ணி மாதிரி இருக்கும். அன்னிக்கு எல்லாருக்குமே வெள்ளையாக் கலங்கி நின்னுச்சு. ப்ரொஃப்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். அழுதுட்டார்."

"அழுதாரா?"

"சந்தோஷத்துல. 'மருந்து கண்ணுக்கே தெரியுது இமாஸ்'னு சொல்லிட்டு, பட்டுத்துணி வாங்க என்னையே கடைக்கு அனுப்பினார்."

"மூணாவது சோதனையில?"

"டீத்தண்ணிதான்."

விகார்த்தா எழுந்துவிட்டார். எந்தினுக்கு அந்த எழுந்திருப்பு தெரியும். பசியோடிருக்கும் பூனைக்கு எங்கோ மீன் வாசம் அடித்தால் இப்படித்தான் எழுந்திருக்கும். அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது. சாயந்திரம்வரை சொல்ல மாட்டார்.

*

தன்னார்வலர்கள் படுத்த கூடம் மாடியில் பின்பக்கம் இருந்தது. வெளியிலிருந்து பூட்டும் கனத்த கதவு. ஜன்னலெல்லாம் கம்பி. பூட்டுகிற காவலாளி ஜுஹானா கூடவே வந்தார்.

"எலி உள்ளே போகணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் போகணும், பாக்" என்றார். மீசை அதை ஆமோதித்தது.

விகார்த்தா கட்டில்களைப் பார்க்கவில்லை. மெத்தையைத் தூக்கிப் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய், மூலையிலிருந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்து வெளிச்சத்தில் வைத்தார்.

"எந்தின், இது என்ன?"

"வாளி."

"கைப்பிடியில?"

"கயிறு. துணி காயப்போடற கயிறு." அவள் பிரித்துப் பார்த்தாள். அது வந்துகொண்டே இருந்தது. "கீழ் வீட்டுத் துணியையும் சேர்த்துக் காயப்போடலாம் போல."

"இங்கே குழாய் இருக்கு. தொட்டி இருக்கு. மொண்டு ஊத்திக்கக் குவளை இருக்கு. கிணறு மட்டும் இல்லை. கிணறு இல்லாத ஊர்ல வாளிக்கு எதுக்கு இவ்வளவு கயிறு?"

வாளியின் உட்பக்கம் இளமஞ்சளாகச் சாயமேறியிருந்தது. எந்தின் மூக்கை உள்ளே விட்டாள். அவளுடைய குடல், காலையிலிருந்து முதன்முறையாக, வாய்விட்டுப் பேசியது.

குளியலறையில் காற்றுக்கென்று சின்னதாக ஒரு ஜன்னல். அதில் கம்பி இல்லை. ஆள் நுழைய முடியாது, வாளி நுழையும். எந்தின் எட்டிப் பார்த்தாள். கீழே பின்சந்து. சுவரோரம் புல் தழைத்திருந்தது. ஓர் இடத்தில் மட்டும் இரண்டு சக்கரத் தடமும், நடுவே அடுப்புக் கரி விழுந்து கருகிய திட்டும்.

"கீழ யாரு காங் நின்னுக்கிட்டு இருந்தது?" என்று அண்ணன் முறைவைத்து ஜுஹானாவைக் கேட்டாள்.

மீசை இறங்கியது. "மாங் ஓடாங். லொந்தோங் காரி வண்டி. விடிகாலை சுபுஹு பாங்கு முடிஞ்ச கையோட வந்துடுவார். பல வருஷமா அங்கதான்."

"இப்போ?"

"விருந்தாளிங்க வர்றதுக்கு முந்தின நாள் ப்ரொஃப் சந்துப்பக்கம் வந்தார். 'உலகத்தரம் வாய்ந்த ஆய்வு நிலையத்துக்குப் பின்னாடி குழம்பு வாசனையா'ன்னு கேட்டு வண்டியை விரட்டச் சொன்னார். நான்தான் விரட்டினேன்." ஒரு பெருமூச்சு. "இப்ப ஆங்கொட் நிறுத்தத்துல போட்டிருக்கார். எனக்குத்தான் தூரம்."

"நோன்பு மாசத்துல நிப்பாரா?" விகார்த்தா கேட்டார்.

"என்ன பாக் இது, நோன்பு மாசத்துல பாங்குக்கு அப்புறம் யாரு லொந்தோங் விப்பா, யாரு வாங்குவா?"

படியிறங்கும்போது எந்தின் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "ஆக, ரெண்டாவது சோதனையில வாளி விட்டுத் திருட்டுத்தனமா தின்னாங்க, எட்டு மடங்கு. மூணாவதுல யோக்கியமாப் பட்டினி கிடந்தாங்க, ஃபெயில். என் கணக்குப் பரீட்சையும் இப்படித்தான் பாக். பிட் வெச்சிருந்த வருஷம்தான் பாஸ்."

"வண்டியை எடு" என்றார் விகார்த்தா.

*

ஆங்கொட் நிறுத்தத்தில் மினி பேருந்துகள் ஆட்களைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தன. மாங் ஓடாங் யாரையும் அழைக்கவில்லை. குழம்புச் சட்டியின் மூடியை அவ்வப்போது திறந்தார், அவ்வளவுதான். இலையில் இறுக்கிக் கட்டி அவித்த லொந்தோங் சோற்றுக் கட்டியை வட்டவட்டமாக அரிந்து தட்டில் போட்டு, மாட்டுக்கறித் துண்டும் மஞ்சளும் மிதக்கும் தேங்காய்ப்பால் குழம்பை அது முங்கும்வரை ஊற்றி, மேலே அப்பளத்தை நொறுக்கினார். குழம்பின் மேல் எண்ணெய் காசு காசாக மின்னியது.

"ரெண்டு தட்டு" என்றார் விகார்த்தா. "ரெண்டும் இவளுக்கு. எனக்கு வெந்நீர்."

"என்ன பாக், என் குழம்புமேல கோவமா?" மாங் ஓடாங் கேட்டார்.

"பித்தப்பையை எடுத்துட்டாங்க, மாங். தேங்காய்ப்பாலைக் கண்ணால மட்டும் பார்க்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அப்போ நல்லாப் பாருங்க. பார்க்கறதுக்குக் காசு வாங்கறதில்லை."

விகார்த்தா பார்த்தார். அந்தப் பார்வையை எந்தினால் தாங்க முடியவில்லை. திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். "எதுக்கு பாக் ரெண்டு தட்டு?"

"வேலைக்காகத்தான். மிச்சம் வைக்காதே. குழம்பையும் குடிச்சுடு."

"இத்தனை வருஷத்துல முதல் தடவையா என் திறமைக்கேத்த வேலை குடுத்திருக்கீங்க."

பக்கத்துப் பெஞ்சில் பச்சைச் சட்டை போட்ட ஒஜெக்காரர் ஒருவர், தட்டை நக்காத குறையாக வழித்துக்கொண்டிருந்தார். விகார்த்தா ஒரு ஊகத்தில், குரலை உயர்த்தாமல், "ரத்தத்துக்குச் சில்லறை கிடைச்சுதா, காங் டெடென்?" என்றார்.

அந்த மனிதருக்குப் புரையேறியது. மாங் ஓடாங் தண்ணீர் கொடுத்தார்.

"போலீசா?"

"இல்லை. ஆனா போலீஸ் சாயந்திரம் வருது. உங்களைத் தேடி இல்லை. கேப்சூலைத் திருடிட்டாங்கன்னு இமாஸைக் கூட்டிட்டுப் போக."

டெடெனின் முகத்திலிருந்து சாப்பிட்ட களை இறங்கிவிட்டது. "இபு இமாஸா? அந்தம்மா ஊசி போட்டா கொசு கடிச்ச மாதிரி இருக்கும், பாக். அவங்களா திருடி?"

"நீங்க வாளி விட்டதைச் சொல்லலைன்னா அவங்கதான் திருடி."

டெடென் மாங் ஓடாங்கைப் பார்த்தார். மாங் ஓடாங் சட்டியைப் பார்த்தார்.

"தப்புன்னு தெரியாது, பாக்" என்று ஆரம்பித்தார் டெடென். பிறகு, "கொஞ்சம் தெரியும்" என்று திருத்திக்கொண்டார். "நோன்பு மாதிரி இருக்கணும்னு சொன்னாங்க. நோன்புன்னா சஹர் சாப்பிடாம யாரு இருப்பா? விடியறதுக்கு முன்னாடி ஒரு வாய் சாப்பிட்டாத்தானே நாளு ஓடும்? பாங்கு முடிஞ்சா என்ன, கீழே மாங் மூடியைத் திறந்துட்டார். வாசனை மேல வருது. பெருநாள் முடிஞ்ச மாசம், நாக்கெல்லாம் தேங்காய்ப்பால் கேக்குது. கேப்சூல் குடுக்கறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் தின்னு முடிச்சோம். வாளியில காசு இறங்கும், பொட்டலம் ஏறும். எல்லாருக்கும்தான்."

"மூணாவது தடவை?"

"வாளியை இறக்கினோம். காலியாவே திரும்பி வந்தது." அதைச் சொல்லும்போது அவர் விரல் வெறும் தட்டை இன்னொருமுறை வழித்தது.

விகார்த்தா வெந்நீரைக் குடித்து வைத்தார். "இதை அங்கே வந்து சொல்லணும்."

"சொன்னா அடுத்த சோதனைக்குக் கூப்பிட மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

டெடென் தட்டை மாங் ஓடாங்கிடம் நீட்டினார். பிறகு தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, வாங்க. ஆனா வண்டியில வந்தா சவாரிக் காசு."

*

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து நிழல் நீள ஆரம்பித்தபோது, ஆய்வு நிலையத்தின் கேப்சூல் அறைக்குள் எந்தின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். சிறை வைக்கப்பட்டிருந்த இமாஸே ஊசியை எடுத்தாள்.

"கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு, தேத்தே" என்று அக்கா முறைவைத்துச் சொன்னாள் எந்தின். "கொசுன்னா கிழக்குத் தீவுக் கொசு."

குழாய் சுழன்று நின்றது. இமாஸ் அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, அன்று முதன்முறையாக, சிரித்தாள்.

அஸர் பாங்கு அடங்கி, போலீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கிய இன்ஸ்பெக்டர் குண்டானவர், நல்லவர், பகல் சாப்பாட்டைத் தவறவிட்டவர். புரொபசர் அவரை வரவேற்பறையிலேயே எதிர்கொண்டார். இமாஸ் சுவரோரம் நின்றாள். அவள் கைப்பை தோளில் தயாராகத் தொங்கியது.

"யாருக்கு வித்தான்னு தெரிஞ்சுதா, பாக் விகார்த்தா?"

"ஒரு குழாய் கிடைச்சது, ப்ரொஃப்." விகார்த்தா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின்மேல் நிறுத்தினார். உள்ளே இருந்ததும் வெளியே இருந்ததும் ஒரே வெள்ளை, ஒரே கலங்கல். இரட்டைப் பிள்ளைகள்.

புரொபசரின் கழுத்து நீண்டது. குனிந்தார், விளக்கில் பிடித்தார், குலுக்கினார். கண் பனித்தது. "தங்கக் கதவு! இது என் தங்கக் கதவேதான்! எங்கே பிடிச்சீங்க? யாரோட ரத்தம் இது?"

"நிச்சயமா உங்களோடதா? வேற ஏதாவதா இருக்கலாமோ?"

"என் கண்டுபிடிப்பு எனக்குத் தெரியாதா? இன்ஸ்பெக்டர், எழுதிக்குங்க. இது வேறெதுவாகவும் இருக்கவே முடியாது. இந்த ஆளைப் பிடிங்க!"

இன்ஸ்பெக்டர் யாரைப் பிடிப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். எந்தின் கையைத் தூக்கினாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ரெண்டு தட்டு லொந்தோங் காரி, பாக் ப்ரொஃப். முட்டை தனியா வெச்சாங்க. கேப்சூல் எதுவும் வைக்கலை."

புரொபசர் கையிலிருந்த குழாயைப் பெட்டியின்மேல் திருப்பி வைத்தார்.

"கொழுப்பு" என்றார் விகார்த்தா, வானிலை சொல்பவரைப்போல. "தேங்காய்ப்பாலும் கறியும் நிறையத் தின்னா, சில மணி நேரத்துல யாரோட ரத்த நீரும் இப்படித்தான் வெளுக்கும். பட்டு விரிச்சு விளக்குப் போட்டு நீங்க வெச்சிருக்கறது, ப்ரொஃப், ஜீரணமான குழம்பு."

டெடென் முன்னால் வந்து வாளிக் கதையைச் சொன்னார். சஹர் விளக்கத்தை இன்ஸ்பெக்டர் நியாயம் என்று தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

"அது ஒழுங்கீனம்!" புரொபசருக்குக் குரல் திரும்பியது. "ஆனா எட்டு மடங்கு? எட்டு மடங்கு மருந்து ரத்தத்துல ஏறினது மெஷின் சொன்ன கணக்கு! அதுவும் குழம்பா?"

"அதுவும் குழம்புதான். உங்க மருந்துக்குத் தண்ணின்னா ஆகாது. கரையாது, உருண்டுக்கிட்டே வெளியே போயிடும். கொழுப்புன்னா கரையும். குழம்பு குடலுக்கு வந்ததும் பித்தப்பை பித்தநீரை விடும். அது சோப்பு மாதிரி. கொழுப்பைப் பொடிப்பொடியா உடைக்கும். மருந்து அந்தத் துளியில தொத்திக்கிட்டுச் சுவரைத் தாண்டிடும். கதவெல்லாம் முதல்ல இருந்தே திறந்துதான் இருக்கு, ப்ரொஃப். மருந்துக்கு வண்டிதான் கிடைக்கலை." அவர் தன் வயிற்றின் வலப்பக்கத்தை லேசாகத் தொட்டார். "பறிகொடுத்தவனுக்குத்தான் இதோட அருமை தெரியும்."

"அப்போ... மூணாவது சோதனை..."

"வயிறு உண்மையிலேயே காலி. முதல் சோதனையும் அப்படித்தான். நோன்பு மாசம், மாங் ஓடாங் வண்டியே கிடையாது. அதனாலதான் ரெண்டுலயும் ஒரே அளவு. காலி வயித்துல உங்க தங்கக் கதவும் பழைய வெள்ளைக் கேப்சூலும் ஒண்ணேதான். இமாஸ் எதையும் எடுக்கலை, எதையும் மாத்தி வைக்கலை. சந்தேகம்னா பழைய கேப்சூலைக் குழம்போட குடுத்துப் பாருங்க. எட்டு மடங்கு வரும்."

"அப்படின்னா நாசவேலை பண்ணினது யாரு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவர் வந்த காரியமே அதுதான்.

விகார்த்தா நாகரிகமாகத் தரையைப் பார்த்தார். அவர் விழுங்கியதை வெளியே சொல்வது யாருடைய வேலை என்று எந்தினுக்குத் தெரியும்.

"மருந்தை வேலை செய்ய வெச்ச பொருள் ஒண்ணே ஒண்ணு, பாக் இன்ஸ்பெக்டர். அது பின்சந்துல தள்ளுவண்டியில நின்னுது. வாசனை பிடிக்கலைன்னு சோதனைக்கு முந்தின நாள் அதை விரட்டச் சொன்னவர் இதோ நிக்கறார். பட்டத்தோட எழுதணும்னா இன்னொரு தாள் எடுத்துக்குங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். இமாஸைப் பார்த்து, "நீங்க போகலாம், இபு" என்றார். பிறகு எந்தினிடம் குரலைத் தாழ்த்தி, "அது எந்த ஆங்கொட் நிறுத்தம்?" என்று கேட்டார்.

இமாஸ் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. கேப்சூல் அறைக்குத் திரும்பிப் போய், மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, காலையில் பாதியில் விட்ட வேலையைத் தொடர்ந்தாள். அவள் உரிமம் சுவரில் மாட்டிய இடத்திலேயே இருந்தது.

புரொபசர் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். உதடுகள் அசைந்தன. மனம் உடைந்துவிட்டார் என்று எண்ணி எந்தின் இரக்கத்தோடு அருகே போனாள். "உள்நாட்டுத் தென்னையின் பேராற்றலால்..." என்று அவர் அடுத்த பலகைக்கு முதல் வரி தேடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பலகை எழுதப்படவில்லை. பழைய கேப்சூலை லொந்தோங் காரியோடு கொடுத்துப் பார்த்தார்கள், எட்டு மடங்கு ஏறியது, சிங்கப்பூர்க்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கிழக்குத் தீவுகளில் இப்போது நோயாளிகள் கேப்சூலைக் கை நிறைய அள்ளுவதில்லை. ஒன்று போதும். அதே பழைய வெள்ளைக் கேப்சூல்தான். அட்டையில் இமாஸ் சேர்த்த ஒரு வரி மட்டும் புதிது.

சாப்பிட்ட பிறகு விழுங்கவும்.